புது வீட்டுச் செப்புக் குழாயில் ஊசித்துளை விழுவது ஏன்?

நீங்கள் கேட்டது இது: வீடு கட்டி நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன. உள்ளே ஓடுவது முழுக்கச் செப்புக் குழாய். கடந்த எட்டு மாதங்களில் குளிர்நீர்க் குழாயில் இரண்டு இடங்களில் ஊசித்துளை விழுந்து சுவர் ஊறிவிட்டது. குளியலறைத் தொட்டியில் நீலப்பச்சைக் கறையும் படிகிறது. பழுது பார்க்க வந்த பிளம்பரும் வீட்டைக் கட்டிக் கொடுத்தவரும் ஒரே குரலில் தண்ணீரைக் குறை சொல்கிறார்கள். ஆனால் பக்கத்தில் நாற்பது ஆண்டுப் பழைய வீட்டில் அதே தண்ணீர் செப்புக் குழாயில்தான் ஓடுகிறது, ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. புதுக் குழாய்க்கு மட்டும் என்ன வந்தது?

உங்கள் கேள்வியிலேயே மிக மதிப்புள்ள தடயம் அந்தப் பழைய வீடுதான். தண்ணீர் மட்டுமே குற்றவாளி என்றால் அந்த வீடும் ஒழுக வேண்டும். நல்ல முறையில் பொருத்திய செப்புக் குழாய் ஐம்பது ஆண்டுகள் தாராளமாக உழைக்கும். நான்கே ஆண்டுகளில் துளை விழுகிறது என்றால், குழாயைப் பொருத்திய நாள் தொடங்கி நீங்கள் குடிபுகுந்த நாள் வரை அதற்குள் என்ன நடந்தது என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன். தண்ணீரின் பங்கு உண்டு, அதற்கும் வருகிறேன். ஆனால் தண்ணீரைச் சொன்னால் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பதால், அது எல்லோருக்கும் வசதியான பதிலாகிவிட்டது. அதை எடுத்த எடுப்பில் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

முதலில் ஒரு வேண்டுகோள். வெட்டி எடுத்த குழாய்த் துண்டுகள் இன்னும் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து உள்பக்கத்தைப் பாருங்கள். குழாயின் எந்தப் பக்கம் மேலே இருந்தது, தண்ணீர் எந்தத் திசையில் ஓடியது என்பதையும் நினைவிருக்கும்போதே அதன்மேல் குறித்து வையுங்கள். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு காரணமும் அந்த உள்சுவரில் தனக்கென ஓர் அடையாளத்தை விட்டுச் செல்லும்.

இனி, செம்பு தண்ணீருக்குள் எப்படிப் பிழைக்கிறது என்று பார்ப்போம். தங்கம்போல எதற்கும் அசையாத உலோகம் இல்லை அது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குளோரினும் அதைத் தாக்கவே செய்யும். அந்தத் தாக்குதலில் பிறக்கும் படலமே பிறகு அதற்குக் கவசமாகிறது. முதலில் குப்ரஸ் ஆக்சைடு என்ற செம்பழுப்புப் படலம் சில நாள்களிலேயே படியத் தொடங்கும். தண்ணீரின் தன்மை ஒத்துழைத்தால் அதன்மேல் பச்சை நிற கார்பனேட்டு அடுக்கு மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் மெதுவாகப் படியும். செம்பில் களிம்புபோல என்று சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமை சொல்வார்கள். கூடவே இருந்து மறைப்பது என்று பொருள். தத்துவத்தில் அது நீங்க வேண்டிய அழுக்கு. குழாய்க்குள்ளோ அந்தக் களிம்பு சீராக, எங்கும் ஒரே கனத்தில் படிந்துவிட்டால் உலோகம் பிழைத்துக்கொள்ளும். உங்கள் அண்டை வீட்டுக் குழாய் நாற்பது ஆண்டுகளாக அந்தப் படலத்தின் பின்னால்தான் பத்திரமாக இருக்கிறது. புதுக் குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் வந்திருக்காது. படலம் உருவாகும் காலத்தில் ஏதாவது ஓரிடத்தில் அது தடைபட்டால், அந்த இடம்தான் பின்னாளில் துளையாகிறது.

இன்னொன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நீலப்பச்சைக் கறையும் ஊசித்துளையும் ஒரே நோய் என்று பலர் நினைக்கிறார்கள். இவை இரண்டு வேறு நோய்கள். கறை என்பது குழாயின் உள்பரப்பு முழுவதிலிருந்தும் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வருவதன் அடையாளம். துளை என்பது ஒரே புள்ளியில் அரிப்பு ஆழமாக இறங்குவது. சிறு கணக்கு ஒன்று போட்டால் இது விளங்கும். வெளிவிட்டம் 15 மி.மீ., சுவர்க் கனம் 0.7 மி.மீ. உள்ள செப்புக் குழாய் மீட்டருக்குச் சுமார் 280 கிராம் எடை இருக்கும். வீட்டில் 50 மீட்டர் குழாய் என்றால் 14 கிலோ செம்பு. நாளுக்கு 500 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற மிக மோசமான அளவில் செம்பைக் கரைத்துச் சென்றாலும் ஆண்டுக்கு 365 கிராம்தான் போகும். மொத்தக் குழாயும் கரைய ஏறக்குறைய 38 ஆண்டுகள் வேண்டும். இதற்கு மாறாக, 1 மி.மீ. அகலத்தில் சுவரைத் துளைக்க எவ்வளவு செம்பு போக வேண்டும் தெரியுமா? சுமார் 5 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிட மிகக் குறைந்த எடை. ஆகவே தண்ணீர்ச் சோதனையில் செம்பின் அளவு குறைவாக வந்துவிட்டால் ஊசித்துளை அபாயம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கறை துளியும் இல்லாத வீடுகளிலும் துளை விழுகிறது.

அந்த ஒற்றைப் புள்ளியில் நடப்பது இது. குழாய்ச் சுவரில் ஏதோ ஒன்று ஒட்டிக்கொள்கிறது: மணல், துருத்துகள், பசை, எதுவானாலும் சரி. அதன் அடியில் ஆக்சிஜன் குறைகிறது, வெளியே மிகுதியாக இருக்கிறது. இந்த வேறுபாடே ஒரு சிறிய மின்கலத்தை உருவாக்கிவிடும். அடியில் உள்ள செம்பு கரைகிறது; தண்ணீரில் உள்ள குளோரைடு அங்கே இழுக்கப்பட்டுச் செம்புக் குளோரைடாகிறது; அது தண்ணீரோடு வினைபுரிந்து அமிலத்தை விடுவிக்கிறது. அமிலம் மேலும் செம்பைக் கரைக்கிறது. மேலே பச்சை நிறத்தில் சிறு மேடு ஒன்று எழுந்து குழியை மூடிக்கொள்வதால் உள்ளே இருக்கும் அமிலம் வெளியே கழுவப்படுவதும் இல்லை. வெளியில் ஓடும் தண்ணீர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தக் குழிக்குள் நிலைமை வேறு. பிளந்த குழாயில் இந்தப் பச்சை மேட்டைக் கத்தி முனையால் மெல்லப் பெயர்த்தால் அடியில் குழி தெரியும்.

இப்போது புது வீடுகளுக்கே உரிய காரணங்கள். முதல் இடத்தில் நான் வைப்பது பற்றவைப்பில் பயன்படும் ஃபிளக்ஸ் பசை. குழாயையும் இணைப்பையும் சூடாக்கிப் பற்றாசு ஏற்றும் முன் இந்தப் பசையைப் பூசுவார்கள். செம்பின் மேலுள்ள ஆக்சைடை அரித்து நீக்கி உலோகத்தைச் சுத்தமாக்குவதுதான் அதன் வேலை. அரிப்பதற்கென்றே செய்த பொருள் அது. பெரும்பாலானவற்றில் துத்தநாகக் குளோரைடும் அம்மோனியம் குளோரைடும் இருக்கும். மெல்லிய பூச்சாக, குழாயின் வெளிமுனையில் மட்டும் பூச வேண்டும். அவசரத்தில் வேலை செய்பவர் இணைப்பின் உட்புறத்திலும் அள்ளிப் பூசுகிறார். சூட்டில் உருகிய பசை குழாய்க்குள் வழிந்து அடிப்பக்கத்தில் நீளமாக ஓடி உறைகிறது. பெட்ரோலிய மெழுகை அடிப்படையாகக் கொண்ட பசை என்றால் குளிர்ந்த தண்ணீரில் அது கரையவே கரையாது. வெந்நீர்க் குழாயில் சூடு அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். இதனால்தான் பசையால் வரும் அரிப்பு குளிர்நீர்க் குழாயிலேயே மிகுதியாகக் காணப்படுகிறது. உங்கள் இரண்டு துளைகளும் குளிர்நீர்க் குழாயில்தான் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மனம் முதலில் இங்கேதான் போனது.

இதன் அடையாளம் எளிது. பிளந்த குழாயில் இணைப்பை ஒட்டி, அடிப்பக்கமாக, ஒழுகிய மெழுகுபோலப் பச்சையோ பழுப்போ நிறத்தில் ஒரு கோடு தெரியும். குழிகள் அந்தக் கோட்டின் மேல் வரிசையாக இருக்கும். நான் பிளந்து பார்த்த புது வீட்டுக் குழாய்கள் பலவற்றில், விரல் நகத்தால் சுரண்டினால் நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் பிசுபிசுப்பாகப் பசை வந்தது. தண்ணீரில் கழுவப்படக்கூடிய ஃபிளக்ஸ் இருக்கிறது, அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். பி813 தரநிலை அந்தத் தன்மையை வலியுறுத்துகிறது. அதைப் பயன்படுத்தினாலும் வேலை முடிந்த அன்றே குழாயை வேகமான தண்ணீரால் அலச வேண்டும். இணைப்பை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் எந்தப் பசையும் கருகி ஒட்டிக்கொள்ளும்; பிறகு அலசியும் போகாது.

பசைக்கு அடுத்த காரணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே ஆதங்கம் உண்டு, ஏனெனில் ஒரு காசு செலவில்லாமல் தவிர்க்கக்கூடியது. குழாய் பொருத்தி முடித்ததும் கசிவு இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்கிறார்கள். சோதனை வெற்றி. அதன்பின் அந்தத் தண்ணீரை வடிப்பதில்லை, அல்லது பாதி வடித்துவிட்டுத் தாழ்வான இடங்களில் தேங்க விடுகிறார்கள். பூச்சு வேலை, வண்ணம், தரை, மின்சாரம் என்று மாதங்கள் ஓடுகின்றன. வீடு விற்கவோ குடிவரவோ இன்னும் சில மாதங்கள். அத்தனை காலமும் கவசம் இன்னும் உருவாகாத புதுச் செம்பு, மணலும் சிமெண்ட் தூளும் பசையும் உலோகப் பொடியும் கலந்த தேங்கு நீரில் ஊறிக் கிடக்கிறது. துகள்கள் அடியில் படிகின்றன. தேங்கிய நீரில் நுண்ணுயிர்கள் வழுவழுப்பான படலமாக வளர்கின்றன; அந்தப் படலத்தின் கீழும் அரிப்பு தொடங்கும். படலம் சீராகப் படிய வேண்டிய நேரத்தில் திட்டுத்திட்டாகப் படிந்து, குழிகளின் விதை அப்போதே ஊன்றப்பட்டுவிடுகிறது. கசிவு தெரிவதோ மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து. அதற்குள் வேலை செய்தவர்கள் எங்கோ போய்விட்டிருப்பார்கள்.

வீட்டைக் கட்டிக் கொடுத்தவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அழுத்தச் சோதனை எந்த மாதம் நடந்தது, தண்ணீர் முறையாக ஓடத் தொடங்கியது எந்த மாதம்? இடையில் நீண்ட இடைவெளி இருந்தால், அந்தக் காலத்தில் குழாய் அலசப்பட்டதா? சோதனையைத் தண்ணீருக்குப் பதில் காற்றைக் கொண்டு செய்யலாம், அதற்குரிய பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றி. தண்ணீரால்தான் செய்வது என்றால் குடிவரும் நாளுக்கு அருகில் செய்ய வேண்டும். அல்லது வாரந்தோறும் எல்லாக் குழாய்களையும் திறந்து புதுத் தண்ணீர் ஓடவிட வேண்டும்.

கிருமி நீக்கம் செய்வதிலும் இதே கவனக்குறைவு நேர்கிறது. புதுக் குழாயில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கலந்த நீரை 24 மணி நேரம் நிறுத்திவைப்பது வழக்கமான முறைகளுள் ஒன்று. 24 மணி நேரம் முடிந்ததும் அதை முழுதாக வெளியேற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை ஊற்றி அடுத்த புதன்கிழமை நினைவுக்கு வந்தால் செம்பு என்ன பாடுபட்டிருக்கும்!

குடிவந்த பிறகும் தேக்கம் முடிவதில்லை. இன்றைய வீடுகளில் குளியலறைகள் கூடியிருக்கின்றன, குழாய் நீளம் கூடியிருக்கிறது. தண்ணீரைச் சிக்கனமாக விடும் கருவிகளால் ஓட்டம் குறைந்திருக்கிறது. சிக்கனம் நல்லதே. ஆனால் விருந்தினர் குளியலறைக்குப் போகும் குழாயில் அதே தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கிறது. பழைய வீட்டில் ஒரே குளியலறை, எல்லோரும் அங்கேதான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. உங்கள் துளைகள் அதிகம் புழங்காத பக்கத்தில் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

தேக்கத்துக்கு நேர்மாறான வேகமும் கெடுதல்தான். செம்பு மென்மையான உலோகம். தண்ணீர் மிக விரைவாக ஓடினால் படலத்தையே உரித்துக்கொண்டு போய்விடும். பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்பு, குளிர்நீருக்கு நொடிக்கு 2.4 மீட்டர், வெந்நீருக்கு 1.5 மீட்டர், 60 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் 0.9 மீட்டர். இந்த எண்கள் பெரிதாகத் தோன்றலாம். ஆனால் மேலே சொன்ன 15 மி.மீ. குழாயில் நிமிடத்துக்கு 13 லிட்டர் ஓடினாலே வேகம் நொடிக்கு 1.5 மீட்டர் ஆகிவிடும். வெந்நீர் உடனே வர வேண்டும் என்று பெரிய பம்பு வைத்து இரவும் பகலும் வெந்நீரைச் சுழலவிடும் வீடுகளில் இந்த அரிப்பு சாதாரணம்.

குழாயை வெட்டிய பின் உள்விளிம்பில் நிற்கும் பிசிறும் இதே வேலையைச் செய்கிறது. வட்டக் கத்தியால் வெட்டும்போது விளிம்பு உள்நோக்கி மடியும். ரீமரால் அதைச் சீவி எடுக்கப் பத்து நொடி போதும். எடுக்காவிட்டால், தண்ணீர் அந்த விளிம்பில் இடறிச் சுழல்கிறது. இணைப்பைத் தாண்டிய இரண்டு மூன்று அங்குலத்துக்குள் சுவர் தேய்கிறது. அடையாளம்: பச்சை மேடு எதுவும் இருக்காது, செம்பு பளபளவென்று சுத்தமாக இருக்கும், குழிகள் குதிரைலாட வடிவில், தண்ணீர் ஓடும் திசையைக் காட்டிக்கொண்டு வரிசையாக இருக்கும். ஒரு முறை பார்த்தால் மறக்க முடியாது.

இனி தண்ணீர். அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தயங்கினேனே தவிர, நிரபராதி என்று சொல்லவில்லை. கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் பல இடங்களில் கரியமில வாயுவைக் கரைத்து வைத்திருக்கும். அது பிஎச் அளவை 7-க்குக் கீழே, அதாவது அமிலப் பக்கம், இழுக்கும். அந்த நீரில் செம்பின் கார்பனேட்டுப் படலம் நிலைக்காது. குழாய் முழுவதும் சீராகக் கரையும், தொட்டியில் கறை படியும். உங்கள் நீலப்பச்சைக் கறைக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். அல்லது வெறும் புதுக்குழாய்ப் பருவமாகவும் இருக்கலாம்: புதுச் செம்பில் முதலில் உண்டாகும் ஹைட்ராக்சைடு எளிதில் கரையக்கூடியது, காலப்போக்கில்தான் கரையாத வடிவமாக மாறும். கறை மாதத்துக்கு மாதம் குறைகிறதா, கூடுகிறதா என்று கவனித்தால் விடை தெரிந்துவிடும்.

அமிலத்தன்மைதான் செம்பின் எதிரி, பிஎச் உயர்ந்தால் கவலையில்லை என்று சொல்வோர் உண்டு. அது பாதி உண்மை. பிஎச் 8.5-ஐத் தாண்டி, பைகார்பனேட்டுக் காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் திறன்) மிகக் குறைவாக இருக்கும் மென்னீரில், குளோரினும் அலுமினியத் துகள்களும் சேரும்போது குளிர்நீர்ச் செப்புக் குழாயில் ஊசித்துளை விழுவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. தண்ணீரைத் தெளிய வைக்கச் சேர்க்கும் படிகாரத்தின் மிச்சமே அந்த அலுமினியம். மற்றொரு புறம், கடினமான குளிர்ந்த கிணற்று நீரில், குளோரைடோடு ஒப்பிடும்போது சல்ஃபேட் மிகுந்திருந்தால் வேறொரு வகைக் குழி அரிப்பு வரும். 1950-ஐ ஒட்டி இங்கிலாந்தில் இதை ஆராய்ந்தபோது, குழாயை இழுத்து உருவாக்கும்போது பூசும் எண்ணெய் சூட்டில் கருகி உள்சுவரில் கரிப்படலமாக ஒட்டியிருந்ததும் இதற்குத் துணைபோவது தெரியவந்தது. அதே ஆய்வுகளில், ஆறு குளங்களின் நீரில் இயல்பாக உள்ள கரிமப் பொருள் ஒன்று குழி விழுவதைத் தடுப்பதும் புலப்பட்டது. இன்று ஐரோப்பாவின் இ.என். 1057 தரநிலை குழாயின் உட்புறக் கரிக்கு வரம்பு வைத்திருக்கிறது. எந்தத் தரநிலையும் அச்சிடப்படாத மலிவுக் குழாயை வாங்கினால் அந்தப் பழைய பிரச்சினை திரும்பவும் வீடேறலாம்.

ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வரும் நீரைச் செப்புக் குழாய் வழியே கொண்டுபோகக் கூடாது. உப்புகள் நீங்கிய அந்த நீரில் காரத்தன்மை இருக்காது, பிஎச் குறைவாக இருக்கும், படலம் படியவே வழியில்லை. வீட்டு முழுமைக்கும் ஆர்.ஓ. வைத்துவிட்டு உள்ளே செப்புக் குழாய் என்றால் இரண்டில் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும்.

குழாயின் கனமும் ஒரு காரணம், ஆனால் இரண்டாம் நிலைக் காரணம். அமெரிக்க முறையில் அரை அங்குலக் குழாயின் சுவர், கே வகையில் 1.24 மி.மீ., எல் வகையில் 1.02, எம் வகையில் 0.71. செலவைக் குறைக்க மெல்லிய வகையைப் போட்டால் அரிப்பின் வேகம் கூடாது. துளை சுவரைக் கடக்க வேண்டிய தூரம் குறையும். அதே நோய் எல் வகையில் பத்து ஆண்டில் காட்டுவதை எம் வகை ஏழு ஆண்டிலேயே காட்டும், அவ்வளவுதான். கனமான குழாய் போட்டால் நேரம் கிடைக்கும், நோய் தீராது.

வெளிப்பக்க அரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் நிலைமையில் அது குறைவான சாத்தியம். நல்ல கான்கிரீட் செம்பை அரிக்காது. நிலக்கரிச் சாம்பல் கலந்த நிரப்புமண், அம்மோனியா விடும் பொருள்கள், குளோரைடு கலந்த கலவைகள் ஆகியவை அரிக்கும். எப்போதும் ஈரமும் துணை நிற்க வேண்டும். சுவரைக் கடக்கும் இடத்தில் உறை போடாமல் இறுக்கிப் பூசுவதும் தவறு. வெப்பம் 40 டிகிரி உயர்ந்தால் 10 மீட்டர் செப்புக் குழாய் ஏறக்குறைய 7 மி.மீ. நீளும். நீள இடமில்லாத குழாய் நாள்தோறும் வளைந்து நிமிர்ந்து கடைசியில் விரிசல் விடும். அதையும் அரிப்பு என்றே சொல்லிவிடுகிறார்கள். விரிசல் குழாயைச் சுற்றிக் கோடாக இருக்கும், குழி வட்டமாக இருக்கும். வெளிப்பக்கம் கன்னங்கரேலென்று கறுத்திருந்தால் காற்றில் கந்தக வாயு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2009-இல் அமெரிக்காவில், இறக்குமதியான ஜிப்சம் பலகைகள் விட்ட கந்தக வாயுக்களால் புது வீடுகளில் மின்கம்பிகளும் குளிரூட்டியின் செப்புச் சுருள்களும் கறுத்து அழிந்தது பெரிய விசாரணையாகவே நடந்தது.

இரண்டு தவறான பழிகளையும் நீக்கிவிடுகிறேன். இரும்புக் குழாயோடு செம்பை நேரடியாக இணைத்ததால்தான் செம்பு அரித்தது என்பார்கள். அந்த இணைப்பில் அரிபடுவது இரும்பு, செம்பு இல்லை. இணைப்பு தவறுதான், ஆனால் உங்கள் துளைக்கு அது காரணமாகாது. இன்னொன்று, மின்சார எர்த் கம்பி குழாயோடு இணைக்கப்பட்டிருப்பது. வீடுகளில் உள்ள மாறுமின்னோட்டம் குழாயின் உட்புறத்தில் ஊசித்துளை போடுவதாக உறுதியான சான்று இல்லை. அதை நம்பி யாராவது அந்தக் கம்பியைக் கழற்றினால், மின்கசிவின்போது குழாயைத் தொடுபவரின் உயிர் போகலாம். தயவுசெய்து அதில் கை வைக்க வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். துண்டைப் பிளந்து பாருங்கள். அடிப்பக்கக் கோடு என்றால் பசை, அடிப்பக்கத்தில் பரவலான மேடுகள் என்றால் படிவும் தேக்கமும், எல்லாப் பக்கமும் சிதறிய மேடுகள் என்றால் தண்ணீர், பளபளப்பான லாடக் குழிகள் என்றால் வேகம். கூடவே தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள்: பிஎச், காரத்தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, சல்ஃபேட், மீதக் குளோரின், செம்பு. பிஎச் அளவைக் குழாயடியிலேயே எடுக்கச் சொல்லுங்கள். பாட்டிலில் கரியமில வாயு பறந்துவிட்டால் எண் பொய்யாகக் கூடிவிடும். செம்புக்கு, ஆறு மணி நேரம் யாரும் குழாயைத் திறக்காமல் இருந்தபின் வரும் முதல் லிட்டரைப் பிடியுங்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் செம்புக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். அமெரிக்காவில் 1991 விதி 1.3 மில்லிகிராமில் நடவடிக்கை கோருகிறது.

காரணம் பசை என்று உறுதியானால், தண்ணீருக்கு மருந்து தேடிச் செலவு செய்ய வேண்டாம். பாதிப்பு இணைப்புகளை ஒட்டியே இருக்கும். அதே ஆள், அதே நாளில் பற்றவைத்த கிடைமட்டக் குளிர்நீர்க் குழாய்களைத் தேர்ந்து மாற்றினால் போதும். தேக்கத்தால் வந்தது என்றால், பாதிக்கப்பட்ட கிளையை மாற்றிவிட்டு, புழங்காத குளியலறைக் குழாய்களை வாரம் இருமுறை சில நிமிடங்கள் திறந்துவிடுங்கள். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் துகள் வடிகட்டி ஒன்றும் வையுங்கள். சொந்தக் கிணற்று நீர் அமிலமாக இருந்தால் சுண்ணாம்புக்கல் நிரப்பிய நடுநிலையாக்கித் தொட்டி நன்றாக வேலை செய்யும். கடினத்தன்மை கொஞ்சம் கூடும், கல்லை அவ்வப்போது நிரப்ப வேண்டும். வேகம் காரணமானால் சுழற்சிப் பம்பைச் சிறிதாக்கி, நேரக் கட்டுப்பாடு வைத்து, வெந்நீர் வெப்பத்தை 60 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். அதற்காக மிகவும் தாழ்த்தியும் விடாதீர்கள், தொட்டியில் லெஜியோனெல்லா கிருமி வளரும். சிதறிய மேடுகள் வீடு முழுவதும் இருந்து தண்ணீரே காரணம் என்று தெரிந்தால், ஒவ்வொரு துளையாக அடைத்துக்கொண்டிருப்பது வீண். அங்கே பிளாஸ்டிக் குழாய்க்கு மாறுவதையே நான் பரிந்துரைப்பேன்.

இதெல்லாம் முடியும்வரை, காலையில் முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள். குழாய் குளிர்ச்சியாகும்வரை ஓடவிட்டு அதைச் செடிகளுக்கு ஊற்றுங்கள். வெந்நீர்க் குழாயிலிருந்து சமையலுக்கு எடுக்கவே வேண்டாம். வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் குழந்தையோ வில்சன் நோய் (உடலில் செம்பு தேங்கும் நோய்) உள்ளவரோ இருந்தால், சோதனை முடிவு வரும்வரை குடிப்பதற்கு வேறு தண்ணீர் பயன்படுத்துங்கள். பிளந்த குழாயின் உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, மேல் கீழ் குறித்து அனுப்பினால் எந்த வகை என்று என்னால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும்.